இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது

கடை வாசலில் நிற்கும் கைவண்டியை ஒருவர் இரு கைகளாலும் தள்ளிக்கொண்டு போகிறார். அவருடைய தசைகள் இப்போது என்ன செய்கின்றன என்று கேட்டால், 'தள்ளுகின்றன' என்றுதான் எவரும் பதில் சொல்வார். உண்மை அதுவல்ல. எலும்பைத் தள்ளத் தெரிந்த தசை மனித உடம்பில் ஒன்றுகூட இல்லை. எலும்புகளை அசைப்பதற்கென்று அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகளை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். அவை அனைத்துக்கும் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: சுருங்கி இழுப்பது.

வண்டிக்காரரின் மேற்கையின் பின்புறத்தில் முத்தலைத் தசை என்று ஒன்று இருக்கிறது. முழங்கைக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையை அது மேல்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பில் முழங்கை நிமிர்கிறது. நிமிர்கின்ற எலும்புதான் வண்டியைத் தள்ளுகிறது. தசைக்குத் தள்ளத் தெரியாது. எலும்புக்குத் தானாக அசையத் தெரியாது. இவை இரண்டும் கூட்டுச் சேர்ந்தே நாம் நடக்கிறோம், குனிகிறோம், குழந்தையைத் தூக்குகிறோம், பேனை பிடித்து எழுதுகிறோம்.

பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் இந்தப் படத்தை வரைந்து நிறம் தீட்டியிருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் அது கொப்பியோடு பரணுக்குப் போய்விடும். ஆனால் பரீட்சைக்குப் பிறகுதான் அந்தப் படம் நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

காரணம் சொல்கிறேன். பண்டாரவளையிலிருந்து வரும் வீதியும் வெலிமடையிலிருந்து வரும் வீதியும் ஒன்று சேர்ந்து பதுளைக்குப் போகும் சந்திதான் எங்கள் ஹாலிஎல. இந்தச் சந்தியைச் சுற்றி இரண்டு விதமான பெண்கள் வாழ்கிறார்கள். ஒருவர், காலையில் மலையேறிக் கொழுந்து பறிப்பவர். மற்றவர், "உம்மா, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள்" என்று பிள்ளைகள் அன்போடு கதிரையில் உட்கார வைத்திருக்கும் கடைவீட்டுத் தாய். முதலாமவரின் தசையும் எலும்பும் அளவுக்கு மீறி இழுபட்டுத் தேய்கின்றன. இரண்டாமவருடையவை இழுப்பே இல்லாமல் கரைகின்றன. அறுபது வயதில் இருவரும் ஆஸ்பத்திரி வாங்கில் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே முழங்கால் வலியோடும் ஒரே முதுகு வலியோடும்.

ஜோடி ஜோடியாக

ஒரு சிறு சோதனை. இடது கையால் வலது மேற்கையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வலது முழங்கையை மடக்குங்கள். உள்ளங்கைக்குள் ஒரு தசை திரண்டு எழும்புவது தெரியும். அதுதான் இருதலைத் தசை. இப்போது வலது கையால் மேசையை அழுத்துங்கள். முன்பக்கம் தளர்ந்து, பின்பக்கத்து முத்தலைத் தசை இறுகும். ஒருவன் மடக்குகிறான், ஒருவன் நிமிர்த்துகிறான். ஒரு வேலையைச் செய்வதற்கு ஒரு தசையும், அதைத் திருப்பிச் செய்வதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தசையுமாக உடம்பு முழுவதும் இந்த ஏற்பாடு இருக்கிறது. தள்ளத் தெரியாதவர்களை வைத்து வேலை வாங்க வேறு வழியில்லை.

தசை நேராக எலும்பில் ஒட்டியிருப்பதில்லை. அதன் முனை, வெண்மையான கயிறு போன்ற தசைநாணாக மாறி எலும்பைப் பற்றுகிறது. குதிகாலுக்கு மேலே விரல்களால் கிள்ளிப் பார்த்தால் உடம்பிலேயே தடித்த தசைநாண் கையில் அகப்படும். எலும்பை எலும்போடு கட்டி வைப்பவை வேறு, அவை இணையங்கள். மூட்டுக்குள் எலும்பின் முனைகளில் வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. வளர்ந்த மனிதருக்கு எலும்புகள் 206. பிறந்த குழந்தைக்கு இதைவிட அதிகம். வளர வளரச் சில எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். மனிதன் முந்நூற்று அறுபது மூட்டுகளோடு படைக்கப்பட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் வருகிறதே, எலும்புகள் 206 என்கிறீர்களே என்று. எலும்பு வேறு, மூட்டு வேறு. எதை மூட்டு என்று எண்ணுவது என்பது நூலுக்கு நூல் மாறும். கூட்டிக் கழித்து அந்த எண்ணை நிரூபித்துக் காட்ட முயல்வதால் பயன் எதுவும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒவ்வொரு மூட்டுக்கும் நாள்தோறும் ஸதகா உண்டு என்று சொல்லும் ஹதீஸில் வரும் 'ஸுலாமா' என்ற சொல், ஆரம்பத்தில் விரல்களினதும் கையினதும் சிறு எலும்புகளைக் குறித்தது. பின்னர்தான் உடலின் எல்லா எலும்புகளுக்கும் மூட்டுகளுக்கும் ஆயிற்று என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஸதகாவின் வகைகளில் ஒன்றாக அங்கே எண்ணப்படுவது, ஒரு மனிதரின் சுமையை அவருடைய வாகனத்தில் ஏற்றிவிட உதவுவது. சுமை தூக்குவதைப் பற்றிப் பேசப்போகிறோம். ஆகவே இதை நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாயிரம் மண்டையோடுகள்

எலும்பையும் தசையையும் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பியிருந்தது கிரேக்க வைத்தியர் ஜாலினூஸை. ஐரோப்பியர் கேலன் என்பர். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' முதலாவது பாகத்தில் எலும்புகளும் தசைகளும் நரம்புகளும் வரிசையாக விவரிக்கப்படுகின்றன. அதற்கும் ஜாலினூஸே அடிப்படை. அவர் எழுதியதை மறுத்துப் பேசுவது இலேசான காரியமாக இருக்கவில்லை.

மறுத்தவர்களில் ஒருவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162 - 1231). எகிப்தில் 1200ஆம் ஆண்டு தொடக்கம் கொடிய பஞ்சம் நிலவியபோது அவர் அங்கே இருந்தார். கெய்ரோவை அடுத்த அல்மக்ஸ் என்ற இடத்தில் மனித எலும்புகள் மேடாகக் குவிந்து கிடந்தன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் நடுவில் இணைந்து ஆனது என்பது ஜாலினூஸின் கூற்று. பக்தாதி அங்கே போய் ஒவ்வொரு தாடையாக எடுத்துப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தும் அந்த இணைப்பை எங்கும் காணவில்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று எழுதிவைத்தார். ஜாலினூஸ் எவ்வளவு பெரியவராயினும் கண்ணால் காண்பதே நம்பத்தக்கது என்பது அவருடைய முடிவு. அரபு மத்ரஸாக்களில் நாம் நஹ்வும் ஸர்ஃபும் படிக்கும்போது இந்த மாதிரிப் பெயர்கள் காதில் விழுவதேயில்லை, விழ வேண்டும்.

அவர் எலும்புகளின் அமைப்பைப் பார்த்தார். அவை சுமை தூக்கும் கணக்கைப் போட்டவர் இத்தாலியரான பொரெல்லி. அவருடைய நூல் அவர் மறைந்த அடுத்த ஆண்டான 1680இல் வெளிவரத் தொடங்கியது. உடம்பை அவர் நெம்புகோல்களின் தொகுதியாகப் பார்த்தார். சிறிய பலத்தைக் கொண்டு பெரிய பாரத்தை அசைப்பவை தசைகள் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். பொரெல்லி கணக்குப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. சிறிய பாரத்தை அசைப்பதற்கே தசை அதைவிடப் பல மடங்கு பலத்தைச் செலவிடுகிறது.

ஐந்து கிலோ மாவும் முப்பத்தைந்து கிலோ இழுப்பும்

அது எப்படி? ஐந்து கிலோ கோதுமை மாப் பையை உள்ளங்கையில் வைத்து, முழங்கையை மடக்கிப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். இருதலைத் தசையின் நாண் முன்கை எலும்பைப் பற்றும் இடமோ முழங்கையிலிருந்து ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர்தான். தூரம் ஏழு மடங்கு. ஆகவே இழுப்பும் ஏழு மடங்கு. ஐந்து கிலோவை ஏந்தி நிற்க, தசை 35 கிலோவுக்குரிய பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கிறது. முன்கையின் சொந்தப் பாரத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

இது நட்டமான வியாபாரம் போலத் தெரியும். இல்லை. தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்கினால் உள்ளங்கை ஏழு சென்ரிமீற்றர் நகர்கிறது. பலத்தைக் கொடுத்து வேகத்தையும் தூரத்தையும் வாங்கியிருக்கிறோம். கல்லெறிய, ஓட, விழப்போகும் பிள்ளையை எட்டிப் பிடிக்க உடம்புக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் இதே கணக்கு இடுப்புக்கு வரும்போது ஆபத்தாகிறது. முள்ளந்தண்டை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அதற்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி இருக்கின்றன. பத்துக் கிலோ தண்ணீர் வாளியைக் கைநீட்டி, உடம்பிலிருந்து ஐம்பது சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துத் தூக்குகிறீர்கள். பத்து மடங்கு! வாளிக்காக மட்டும் முதுகுத் தசை நூறு கிலோவுக்கு இழுக்கிறது. குனிந்த மேலுடம்பின் பாரம் அதற்கு மேலே. அந்த இழுப்பு முழுவதும் முள்ளென்புகளுக்கிடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகளை நெரிக்கிறது. வாளியை வயிற்றோடு அணைத்து இருபத்தைந்து சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் இழுப்பு பாதியாகக் குறைந்துவிடும். வாளி அதே வாளி, தண்ணீரும் அதே தண்ணீர்.

மொத்த வியாபாரக் கடைகளில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரைக் கவனியுங்கள். இருவர் பிடித்து ஏற்றிவிட, ஒருவர் மூட்டையை முதுகின் மேலேயே வாங்கிக்கொண்டு நடக்கிறார். மூட்டையின் பாரம் முள்ளந்தண்டுக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. கைநீட்டி வாளி தூக்கும் பெண்ணின் முதுகுத் தசைக்கும் இவருடைய முதுகுத் தசைக்கும் இழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லாமற் போகலாம், ஏன், சில வேளை அந்தப் பெண்ணுக்கே கூடுதலாக இருக்கலாம். நாட்டாமைக்குப் பொரெல்லியைத் தெரியாது, தொழில் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஏற்றிவிடும் அந்த இருவர் இல்லாத நாளில்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

மலையில்

தெமோதரையில் ரயில் பாதை ஒரு மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியில் சுரங்கம் வழியாக நுழைகிறது. உயரத்தைச் சமாளிக்க ரயிலுக்கு அப்படி ஒரு வளையம் வேண்டியிருக்கிறது. அதே மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண் நேராக ஏறுகிறார்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத்து நாற்றலைத் தசை முழங்காலை நிமிர்த்தி உடம்பை உயர்த்துகிறது. அதன் நாணுக்கு நடுவே முழங்காற் சில்லு பதிந்திருக்கிறது. கிணற்றுக் கப்பி போல அது நாணைச் சற்று முன்னே தள்ளி வைத்து இழுப்பை இலகுவாக்குகிறது. செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் அசைவாக மாறும், மிச்சமெல்லாம் சூடு. அதனால்தான் பனிமூடிய காலையில் நடுங்கிக்கொண்டு புறப்படுகிறவருக்கு, பாதி மலை ஏறுவதற்குள் வேர்த்துவிடுகிறது. நடுக்கம்கூடத் தசை விரைவாகச் சுருங்கி விரிந்து சூடு உண்டாக்கும் வேலைதான்.

ஏறுவது கடினம், இறங்குவது சுகம் என்று நினைக்கிறோம். மூச்சுக்கு அது சரி. முழங்காலுக்கு நேர்மாறு. இறங்கும்போது அதே நாற்றலைத் தசை இறுகிக்கொண்டே நீள வேண்டும். அவிழ்ந்து போகும் கயிற்றை இறுக்கிப் பிடித்து மெல்ல மெல்ல விடுவது போல. தசை நார்களைச் சிதைப்பதில் இந்த வேலையே முதலிடம். பழக்கமில்லாமல் எல்ல மலையில் ஏறி இறங்கிய கொழும்புப் பையன்கள் மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பது இதனால்தான். கொழுந்துப் பெண்ணுக்கு இது தினசரி, அதுவும் பாரத்தோடு.

அவருடைய விரல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும் அந்த வேகம் விரல்களுக்குள் இல்லை. விரலில் தசையே கிடையாது. உள்ளங்கையில் சில சிறு தசைகள் உண்டு. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில், முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. பொம்மலாட்டக் கயிறுகளைப் போல் நீண்ட நாண்கள் மணிக்கட்டுக்கு ஊடாக விரல்களுக்குப் போகின்றன. முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள், உள்ளே ஓடுவது தெரியும். மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி. அதற்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. நாள் முழுக்க அசைந்து நாண்களின் உறைகள் வீங்கினால் நெரிபடுவது நரம்பு. இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைத்து, கையை உதறிக்கொண்டு எழும்புகிறவர்கள் இதைக் குளிர் என்று விட்டுவிடக் கூடாது. தையல் மெஷினில் குந்தியிருக்கும் எங்கள் சகோதரிகளுக்கும் ரொட்டிக்கு மாப் பிசைகிறவர்களுக்கும் இது வரும். ஆரம்பத்திலேயே வைத்தியரிடம் காட்டினால் இலகுவில் குணமாக்கலாம்.

கூடையோ பையோ, கயிறு தலையில் மாட்டப்பட்டு முதுகில் தொங்குகிறது. உலகில் இப்படிச் சுமப்பவர்கள் இவர்கள் மட்டுமல்ல. நேபாளத்து மலைச் சுமைகாரர்கள் 'நாம்லோ' என்ற பட்டியைத் தலையில் மாட்டிச் சுமக்கிறார்கள். எவரெஸ்ட் வழியிலுள்ள நாம்சே சந்தைக்குப் போகும் சுமைகாரர்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2005ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். ஐரோப்பியர்கள் முதுகுப்பையில் சுமப்பதைவிடக் குறைந்த சக்தியையே செலவிட்டார்கள். மெதுவாக நடப்பதும், அடிக்கடி நின்று இளைப்பாறுவதும் அவர்களின் வழக்கம்.

சக்தி குறைவாகச் செலவாவதால் கழுத்து பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தமல்ல. கழுத்து நேராக இருக்கும்வரை பாரம் எலும்பின் வழியே இறங்கும். கொழுந்து கிள்ளத் தலையைக் குனிந்து பக்கவாட்டில் திருப்பும்போது அந்தப் பாரத்தைக் கழுத்துத் தசைகள் ஏற்க வேண்டும். ஒரு நாள் பேருக்கு 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வைக்கிறார்கள். அதை இரண்டு மூன்று தடவையில் நிறுக்கக் கொண்டுபோகிறார்கள். நிறுக்கும் இடம் எவ்வளவு தூரமோ அவ்வளவு நேரம் கழுத்து சுமக்கிறது.

"முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள்" என்று இந்தப் பெண்களுக்கு உபதேசம் செய்வது இலேசு. படிக்கட்டு இல்லாத மலையில், மழையில் வழுக்கும் பாதையில், பேர் விழ வேண்டுமே என்ற அவசரத்தில் அந்த உபதேசத்துக்கு என்ன பெறுமதி? நிறுக்கும் இடத்தைக் கிட்டக் கொண்டுவருவதும், பாதைக்குப் படி வெட்டுவதும், சாக்கை லொறியில் ஏற்ற இருவரை நிறுத்துவதும் தோட்டத்தை நடத்துகிறவர்களின் கையில் இருக்கின்றன. இவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஆனாலும் எமது அயலவர்கள், எமது கடைகளில் அரிசியும் மாவும் வாங்குகிறவர்கள். சம்பள நாளில் மாச் சாக்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கு அதைப் பஸ்ஸில் ஏற்றிவிட, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் எழுந்து வருவதற்கு எவ்வளவு நேரம் போகும்?

விடுவதற்கும் சக்தி வேண்டும்

தசைக்குள் என்ன நடக்கிறது என்பது 1954ஆம் ஆண்டுதான் தெளிவாயிற்று. இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வேலை செய்து ஒரே விடையை ஒரே காலத்தில் வெளியிட்டன. தசை நாருக்குள் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. நரம்பு வழியாகக் கட்டளை வந்ததும் நாருக்குள் கல்சியம் வெளிவிடப்படுகிறது. தடித்த இழையிலுள்ள நுண்ணிய கொக்கிகள் மெல்லிய இழையைப் பிடித்து இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பிடித்து இழுக்கின்றன. இழைகள் எதுவும் குறுகுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போவதால் தசை குறுகுகிறது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சிறு விஷயம். கொக்கி தன் பிடியை விடுவதற்கு 'ஏரீபீ' என்ற சக்திப் பொருள் தேவை. அது இல்லையென்றால் பிடித்த பிடி பிடித்தபடியே இருக்கும். உயிர் பிரிந்த பின் அந்தப் பொருள் உண்டாவது நின்றுவிடுகிறது. சில மணித்தியாலங்களில் கொக்கிகள் எல்லாம் பூட்டிக்கொண்டு உடல் விறைத்துப்போகிறது. ஏறத்தாழ இரண்டு நாட்களில், இழைகளே சிதையத் தொடங்கும்போது, மறுபடி தளர்கிறது. ஜனாஸாவுக்குரிய பாடத்தில், உயிர் பிரிந்தவுடன் மைய்யித்தின் கை கால் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டித் தளர்த்திவிட வேண்டும் என்று பிக்ஹு நூல்கள் எழுதியிருப்பதை மாணவர்களுக்குப் படித்துக் கொடுக்கிறோம். குளிப்பாட்டவும் கஃபனிடவும் இலகுவாக இருக்கும் என்று காரணமும் சொல்கிறோம். வீட்டார் அழுதுகொண்டிருக்கும் அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் இதைச் செய்ய ஒருவருக்காவது நினைவு வர வேண்டும். தாமதித்தால் பலவந்தம் செய்ய வேண்டி வரும். மைய்யித்தை அப்படி நோவினை செய்வது ஆகாது.

கதிரையில் இருக்கும் உம்மா

எலும்பைக் கல் என்று நினைக்கிறோம். எலும்பு உயிருள்ளது. ஒவ்வொரு வருடமும் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெருமளவுக்குத் தசையின் இழுப்பும் உடம்பின் பாரமும்தான். பாரம் விழும் இடத்தில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது என்பதை ஜேர்மன் வைத்தியர் வொல்ஃப் 1892ஆம் ஆண்டு நூலாக எழுதினார். இதற்குக் கண்கூடான சாட்சி விண்வெளி வீரர்கள். பாரமே இல்லாத இடத்தில் மிதக்கும் அவர்களுடைய இடுப்பு எலும்பு மாதம் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதவீதம் குறைகிறது. சாப்பாட்டில் குறை ஏதும் இல்லை. இழுக்க வேலை இல்லை, அவ்வளவுதான்.

நாம் உம்மாவைக் கதிரையில் உட்கார வைப்பது அவரைச் சிறிது சிறிதாக விண்வெளிக்கு அனுப்புவது போன்றது. முப்பது வயதளவில் எலும்பின் திண்மை உச்சத்தை அடைந்து பின்னர் மெல்லக் குறையத் தொடங்கும். மாதவிடாய் நின்ற பின் முதல் சில வருடங்களில் குறைவது மிக வேகம். தசையும் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அறுபதுக்குப் பின் விரைவாகப் போகிறது. இந்த நேரத்தில்தான் மருமகள் வந்திருப்பாள், பிள்ளைகள் உழைப்பார்கள். 'உம்மா பட்ட கஷ்டம் போதும்' என்று எல்லா வேலையையும் வாங்கிவிடுகிறோம். நோக்கம் நல்லது. விளைவு என்னவென்றால், ஒரு நாள் குளியலறையில் கால் வழுக்குகிறது. தடுமாறிய உடம்பை நிறுத்தத் தொடைத் தசைக்குப் பலம் இல்லை. விழுந்த அடியைத் தாங்க இடுப்பு எலும்புக்கும் பலம் இல்லை. அந்த முறிவுக்குப் பிறகு எழும்பி நடக்காத தாய்மார் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்.

வயது போய்விட்டது, இனி என்ன என்று சொல்வதும் சரியல்ல. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதளவிலான பத்துப் பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார்கள்; முடிவு 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று. எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், வைத்தியர்களின் மேற்பார்வையில் காலால் பாரம் தூக்கும் பயிற்சி. தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில்! தசை கேட்கப்படாமல் இருந்ததே தவிர இறந்துபோகவில்லை.

தொழுகை உடற்பயிற்சிக்காக விதியாக்கப்பட்டதல்ல, அது இபாதத். தொழுகைக்கு 'விஞ்ஞானப் பலன்' தேடிப் பட்டியல் போடுகிற கட்டுரைகளில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அதை நிறைவேற்றுவதும் இந்த உடம்புதான். ஐந்து நேரப் பர்ளுகளில் பதினேழு ரக்அத்துகள், முப்பத்துநான்கு ஸுஜூதுகள். ருகூஉவில் கைகள் முழங்கால்களைப் பற்றிக்கொள்ளும்போது மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கைகளின் வழியே காலுக்கு இறங்குகிறது. இடுப்புத் தசைக்குச் சுமை குறைகிறது. கையைத் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தால் வித்தியாசம் புரியும். ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழும்புவதோ, தொடைக்கும் பிட்டத்துக்கும் கொடுக்கும் மிகப் பெரிய வேலை. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனெய்ரோவில் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை நிலத்தில் உட்கார்ந்து எழும்பச் செய்து, பின்னர் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பிடி இல்லாமல் எழும்ப முடிந்தவர்களைவிட முடியாதவர்களிடையே அந்தக் காலத்துக்குள் மரணம் அதிகமாக இருந்தது. 2012இல் இது வெளியாயிற்று. எழும்ப முடியாமை மரணத்துக்குக் காரணம் என்பதல்ல. உடம்பின் பொதுவான நிலையை அது காட்டிக்கொடுக்கிறது.

முழங்கால் வீங்கியவரும், சத்திரசிகிச்சை செய்தவரும் கதிரையில் தொழுவதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. இயலுமானவர், மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் கதிரையைத் தேடுவது வேறு விஷயம். எழும்பும்போது கையை ஊன்றிக்கொள்ளலாம். அதில் வெட்கம் இல்லை.

உம்மாவுக்கு வீட்டில் என்ன செய்யலாம்? முதுகு சாயும் உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பாதங்களைச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னே சாய்ந்து, கை ஊன்றாமல் எழும்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதலில் ஊன்றட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று வரை எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். மலை இறங்கும் பெண்ணின் தசை செய்யும் அதே வேலை, அளவோடு. காலை ஐந்து தடவை, அஸருக்குப் பின் ஐந்து தடவை. இரண்டு கிழமை போனதும் பத்தாக்கலாம். நெஞ்சு வருத்தம் உள்ளவர், மூட்டு மாற்றியவர் வைத்தியரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

வெயிலும் வேண்டும். விற்றமின் டி இல்லாமல் கல்சியம் உடம்பில் சேராது. அந்த விற்றமின் தோலில் வெயில் படுவதால் உண்டாவது. மூடிய வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு அது குறைவாகிறது. அந்நியர் பார்வை படாத பின் முற்றத்தில் கைகளிலும் முகத்திலும் கொஞ்ச நேரம் வெயில் விழ உட்காரலாம். பாலுக்கு வசதி இல்லாவிட்டால் நெத்தலியை முள்ளோடு சாப்பிடலாம். குரக்கன், எள்ளு, முருங்கைக் கீரை எல்லாம் இந்தப் பக்கத்துச் சந்தையில் கிடைப்பவைதான். தசைக்குப் புரதம் வேண்டும். பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக இராச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் முதியவர்களுக்கு ஒரு முட்டையோ ஒரு கோப்பை பருப்போ சேர்த்துக் கொடுங்கள்.

வெங்காயம் உரிப்பது, உடுப்பு மடிப்பது, கோழிக்குத் தீன் போடப் பின்படி இறங்கி ஏறுவது ஆகியவற்றை உம்மாவிடமிருந்து பிடுங்க வேண்டாம். படிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். குளியலறைச் சுவரில் ஒன்று. பேரப்பிள்ளையைத் தூக்க அவர் ஆசைப்பட்டால், நிலத்திலிருந்து தூக்க விடாமல், நீங்கள் தூக்கி அவருடைய நெஞ்சோடு அணைத்துக் கொடுங்கள். கைநீட்டி வாங்க விடாதீர்கள்.